துப்பாக்கியின் பிறப்புப் பத்திரம்

துப்பாக்கிக்கும் பிறப்புப் பத்திரம் உண்டு. அது காகிதத்தில் எழுதப்படுவதில்லை; இரும்பில் வெட்டப்படுகிறது. இரண்டு உலக யுத்தங்களிலும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் காலாட்படை தோளிற் சுமந்த லீ-என்பீல்ட் ரைபிளை எடுத்துக்கொள்வோம். படித்தவரும் பாமரரும் 'திரீ நாட் திரீ' என்று அழைத்த அதே ஆயுதந்தான். விசைக்கு மேலே, மரத்தாலான அடிக்கட்டை இரும்பு உடலோடு வந்து பொருந்தும் கழுத்தின் வலப்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். ஒரு மணிமுடி தெரியும். அதன் கீழே ஆண்ட மன்னரின் பெயரெழுத்துகள். அதற்குக் கீழே பிறந்த ஊர். பிறகு பிறந்த ஆண்டு. கடைசியில், குலமும் கோத்திரமும் போல, அதன் இனமும் பிரிவும். நூறு ஆண்டுகள் கழித்து எந்தத் தேசத்தில், எவர் கையில் அகப்பட்டாலும், அது தான் யார் என்பதைத் தானே சொல்லிவிடும்.

இந்தப் பத்திரத்தைப் படிப்பது எப்படி, படித்தபின் அந்த ஆயுதத்துக்கு விலை மதிப்பது எப்படி என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன். ஆயுத வியாபாரத்தில் எனக்கு நாட்டம் இல்லை. ஆயினும் ஓர் இரும்புத் துண்டை அடையாளம் காண மனிதர் எடுத்துக்கொண்ட சிரத்தையையும், மனிதரை அடையாளம் காண நமது சட்டங்கள் எடுத்துக்கொண்ட சிரத்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. அதை எழுதாமல் விடுவது நியாயமன்று என்று தோன்றியது.

நான் ஆயுதசாலையில் வேலை பார்த்தவனல்லன். உடப்புசல்லாவைப் பிரதேசத்துத் தேயிலை ஸ்டோர் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வாடிய கொழுந்தை முறுக்கும் ரோலரும் அதைக் காயவைக்கும் சிரோக்கோவும் எனக்குப் பாட்டனார் காலத்து உறவினர் போல. சிரோக்கோவின் நெற்றியில் பெல்பாஸ்ட் நகரத்து டேவிட்சன் கம்பெனியின் தகடு பதிந்திருக்கும். தகட்டைப் படித்து, இலக்கத்தைப் பார்த்து, எந்த உதிரிப் பாகம் மூலப் பாகம், எது பின்னால் வந்து சேர்ந்தது என்று சொல்லப் பழகியவனுக்கு, ஏனைய இரும்பைப் படிப்பதும் அவ்வளவு கடினமன்று.

துப்பாக்கியைப் படிக்க எனக்குக் கற்றுத்தந்தவர் வெலிமடையைச் சேர்ந்த ஒரு சிங்களத் தொழிலாளி. தியத்தலாவை இராணுவ முகாமில் ஆயுதம் பழுதுபார்க்கும் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். தியத்தலாவைக்கும் துப்பாக்கிக்கும் உறவு பழையது. தென்னாபிரிக்க யுத்தத்தில் சிறைபிடிக்கப்பட்ட போயர்கள் சுமார் 5,000 பேரை 1900ஆம் ஆண்டு முதல் பிரிட்டிஷார் அடைத்துவைத்த இடம் அது. ஸ்டோரில் ஏதேனும் கடைசல் வேலை இருந்தால் அவர் வருவார். நான் அவரை 'பாஸ் உன்னஹே' என்பேன். அவர் என்னை 'மல்லி' என்பார். மாலை வேளைகளில் இஞ்சின் அறையின் வெதுவெதுப்பில் உட்கார்ந்து, உடைந்த தமிழில் அவர் சொன்ன பாடம் இன்றும் நினைவிருக்கிறது.

"மல்லி, இரும்பு பொய் சொல்றதில்ல. அத விக்கிற மனுசன்தான் பொய் சொல்றது. அதனால மனுசன் பேச்சக் கேக்க வேணாம், இரும்பக் கேளு."

இரும்பைக் கேட்கும் முறை இதுதான். முதலில் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, குழலின் வாயிலும் தோட்டாப் பெட்டியிலும் தோட்டா எதுவும் இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ள வேண்டும். நூறு ஆண்டுப் பழமையான துப்பாக்கியும் ஒரு நொடியில் உயிர் குடிக்க வல்லது. இதன் பிறகே படிப்பு.

கழுத்திலுள்ள ஊர்ப்பெயர் அதன் தொழிற்சாலையைக் காட்டும். 'என்பீல்ட்' என்றிருந்தால் லண்டனுக்கு வடக்கேயுள்ள அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை. பர்மிங்காமில் செய்யப்பட்டவை வேறு முத்திரை தாங்கும். 'லித்கோ' என்றால் அவுஸ்திரேலியா. 'இஷாபூர்' என்றால் கல்கத்தாவுக்கு அருகேயுள்ள இந்தியத் தொழிற்சாலை. அங்கே மன்னரின் பெயரெழுத்துகளோடு சக்கரவர்த்தி என்பதைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்திருக்கும். ஊருக்கும் ஆண்டுக்கும் கீழேயுள்ள ரோம எண் ரகத்தைச் சொல்லும். குட்டையாக்கப்பட்ட லீ-என்பீல்டின் மூன்றாம் ரகம் 1907இல் ஏற்கப்பட்டது. முதலாம் உலக யுத்தத்தில் உற்பத்தியைத் துரிதப்படுத்துவதற்காகச் சில உறுப்புகளைக் குறைத்து, எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்தார்கள். நெடுந்தூரத்துக்குக் கூட்டமாகச் சுடுவதற்கென்று இடப்புறத்தில் இருந்த குறிகாட்டித் தகடு அப்போதுதான் மறைந்தது. நட்சத்திரம் இல்லாத துப்பாக்கியில் அந்தத் தகடும் இல்லையென்றால், அது பின்னால் மாற்றத்துக்கு உள்ளாகியது என்று அறியலாம்.

அடுத்தது இலக்கம். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஓர் இலக்கம் உண்டு. அது ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. உடலின் முன்வளையத்தில், குழலில், போல்ட்டின் கைப்பிடி அடியில், குறிபார்க்கும் தகட்டின் உட்புறத்தில், முனைமூடியில், முன்மரத்தின் அடியில் எல்லாம் அதே இலக்கம் வெட்டப்பட்டிருக்கும். ஒரு குடும்பத்து அங்கத்தினர் எல்லோருக்கும் ஒரே வாசற்பெயர் இருப்பது போல என்று சொல்லலாம். இந்த இலக்கங்கள் ஒத்திருந்தால் விலை ஏறும். போல்ட்டின் இலக்கம் மாறியிருந்தால் விலை இறங்கும். மாறியிருந்தால் அது துப்பாக்கி அல்ல என்று எந்த வியாபாரியும் சொல்வதில்லை.

பிறகு சிறு முத்திரைகள். அகன்ற அம்புத்தலை போன்ற குறி, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சொத்து என்பதற்கு அடையாளம். இரண்டு அம்புத்தலைகள் நுனியோடு நுனி முட்டி ஒரு நட்சத்திரம் போல நின்றால், அரசாங்கம் அதைச் சேவையிலிருந்து நீக்கி விற்றுவிட்டது என்று பொருள். நமது தோட்டத்து வழக்கிற் சொல்வதானால் துப்பாக்கியின் பத்துச்சீட்டு அது! உபரி ஆயுதம் என்று சந்தைக்கு வருவனவற்றில் இந்தக் குறியைத் தேடவேண்டும். அணிவகுப்புப் பயிற்சிக்கு மாத்திரம் என்று முத்திரை குத்தப்பட்டவையும் உண்டு. அவற்றைச் சுடப் பயன்படுத்துவது தற்கொலைக்கு ஒப்பாகும். முன்மரத்தின் குறுக்கே, தோட்டாப் பெட்டிக்கு முன்னால் ஒரு திருகாணி இறுக்கப்பட்டிருந்தால், அது இந்தியாவிற் செப்பனிடப்பட்டது என்பதற்கான சாட்சி.

குழலின் உட்புறம் தனிப் பாடம். ஐந்து வரிப்பள்ளங்கள் இடப்புறமாகச் சுழன்று செல்ல வேண்டும். அக்காலத்துத் தோட்டாவில் இருந்த தீமூட்டி மருந்து, சுட்டபின் ஒருவகை உப்பைக் குழலில் விட்டுச் செல்லும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் துருவை அழைத்துவரும். அதனாலேயே சிப்பாய்கள் சுட்டு முடிந்ததும் கொதிநீரைக் குழலில் ஊற்றிக் கழுவினார்கள். எங்கள் ஊரின் பனிமூட்டத்தில் ஒரு மழைக்காலம் கவனியாமல் விட்டாலே போதும். வெளியே பளபளக்கும் துப்பாக்கி உள்ளே புற்றாகிவிடும்.

கடைசியாகப் போலிகள். பெஷாவருக்குத் தெற்கேயுள்ள தாரா ஆதம் கேல் என்னும் ஊரில், கைத்தொழிலாளர்கள் பல தலைமுறைகளாக எளிய கருவிகளைக் கொண்டு லீ-என்பீல்டைப் பிரதிசெய்து வந்திருக்கிறார்கள். முத்திரையையும் பார்த்து அப்படியே வெட்டுவார்கள். ஆனால் ஆங்கில எழுத்தறியாத கை வெட்டியதாகையால் எழுத்து தலைகீழாக நிற்கும். 1901இல் மறைந்த விக்டோரியா மகாராணியின் பெயரெழுத்து, அவர் இறந்து பல ஆண்டுகள் கழிந்த தேதியோடு சேர்ந்து நிற்கும். அரசாங்க முத்திரை இருந்தாலொழியப் பொருளுக்கு மதிப்பில்லை என்று உலகம் சொல்லும்போது, ஏழை கைவினைஞன் முத்திரையையும் சேர்த்தே செய்கிறான்.

இனி, நான் பார்த்த துப்பாக்கியைப் பற்றிச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் பழைய துரை பங்களா ஒன்றை உல்லாசப் பிரயாணிகள் தங்கும் விடுதியாக மாற்றினார்கள். கூரை பிரித்தபோது, உத்தரத்தின் மேல் கோணிச் சாக்கில் சுற்றிய ஒரு பொருள் கிடைத்தது. விடுதியின் பொறுப்பாளர் லயத்தில் பிறந்து படித்து முன்னுக்கு வந்த வாலிபர். முறைப்படி பொலிசுக்கு அறிவித்துவிட்டார். மறுநாள் காலை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இடையிலிருந்த அந்த ஒரு மாலையில் என்னை அழைத்தார்.

"பிட்டர் ஐயா, வெளிநாட்டுல இதுக்கு நல்ல வெல போகுதாம். குடுக்கிறது குடுக்கிறதுதான். என்னா சாமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

வெறுமையாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, விளக்கொளியில் படித்தேன். கழுத்தில் மணிமுடி, 'என்பீல்ட்', 1912, மூன்றாம் ரகம், நட்சத்திரம் இல்லை. இடப்புறத்துக் குறிகாட்டித் தகடும் இல்லை. குழலில் வேறு இலக்கம். இஷாபூரின் பரிசோதனை முத்திரையோடு 41 என்ற ஆண்டு. முன்மரம் இந்திய மரம். அதன் குறுக்கே திருகாணி. போல்ட்டில் மூன்றாவது இலக்கம். அடிக்கட்டையின் வலப்புறத்தில் ஒரு பித்தளை வில்லை இருந்தது. துப்பாக்கி எந்தப் படைப்பிரிவுக்கு உரியது, அங்கே அதன் வரிசை எண் யாது என்பதைப் பொறிக்கும் வில்லை அது. யாரோ பல காலம் மினுக்கித் தேய்த்திருந்தபடியால் எழுத்துகள் அழிந்து, ஓர் இலக்கம் மட்டும் நிழல்போல் எஞ்சியிருந்தது. இரண்டு அம்புத்தலை முட்டும் விற்பனைக் குறியைத் தேடினேன். எங்கும் இல்லை.

ஆகவே அதன் சரித்திரம் ஓரளவு விளங்கிற்று. இங்கிலாந்திற் பிறந்து, இந்தியாவில் மறுபிறவி எடுத்து, இலங்கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்ட நாட்களில், 34வது இந்திய டிவிஷன் இத்தீவின் காவலுக்கு வந்திருந்தது. அந்தப் படைகளோடு வந்திருக்கலாம் என்பது என் ஊகம். அது முறைப்படி விற்கப்பட்ட உபரி ஆயுதமன்று. இராணுவக் கணக்கிலிருந்து எப்படியோ நழுவி, யாரோ ஒரு துரையின் கூரைக்கு ஏறியது.

"இலக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகல்ல, தம்பி. குழலும் துருப் புடிச்சிருக்கு. சேகரிக்கிறவங்க கொறைவாத்தான் மதிப்பாங்க. நம்ம நாட்டுல இத விக்கவும் ஏலாது, வாங்கவும் ஏலாது," என்றேன். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரம் இல்லாத துப்பாக்கியை எவரும் வைத்திருக்க இடந்தருவதில்லை. மறுநாள் பொலிசார் வந்து, இலக்கத்தைக் கவனமாகப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, அதை எடுத்துச் சென்றார்கள்.

வெளிநாட்டில் விலை போகும் என்று அந்த வாலிபர் கேள்விப்பட்டது பொய்யன்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் தேசங்களின் கிடங்குகளில் துப்பாக்கிகள் மலைபோற் குவிந்து கிடந்தன. அமெரிக்காவில் சாமுவேல் கம்மிங்ஸ் என்னும் வியாபாரி அவற்றைப் பெருமளவில் வாங்கி விற்றே கோடீஸ்வரரானார். தபாலில் பணம் அனுப்பினால் தபாலிலேயே துப்பாக்கி வீடு வந்து சேர்ந்த காலம் அது. 1963 மார்ச்சில் சிக்காகோ நகரத்துக் கடையொன்றிலிருந்து, தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய உபரி ரைபிள் ஒன்று 19 டாலர் 95 சதத்துக்குத் தபாலில் விற்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற ஆயுதம் அதுவே என்பதை அதன் இலக்கத்தைக் கொண்டே கண்டுபிடித்தார்கள். இருபது டாலர் பெறாத அந்த இரும்பு இன்று அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. துப்பாக்கியின் விலையை உலோகமும் மரமும் மட்டும் நிர்ணயிப்பதில்லை. அது யாரை நோக்கி நீண்டது என்பதும் நிர்ணயிக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

அப்படியானால் மலையகத்தில் நீண்ட துப்பாக்கிகளுக்கு என்ன விலை? சேகரிப்போரின் விலைப் பட்டியலில் சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர் என்ற தோட்டத்துரைமார் படையின் முத்திரைக்கு மதிப்பு உண்டு. 1900இல் தொடங்கப்பட்டு, கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அப்படையில் ஐரோப்பியர் மட்டுமே சேரலாம். 1914 அக்டோபரில் அதன் ஒரு பிரிவு கப்பலேறி எகிப்துக்குச் சென்றது. மறு ஆண்டு கலிப்போலி யுத்தத்தில் ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்காவலாக நின்றது. 1949இல் இலங்கை இராணுவம் உருவான ஆண்டிலேயே அப்படை கலைக்கப்பட்டது. அந்தத் துரைமாரின் வீரத்தை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் பகலில் பிரட்டுக்களத்தில் பேர் போடுகிறவரும், துண்டைக் கிழிக்கிறவரும், துப்பாக்கி ஏந்தும் உரிமையுடையவரும் ஒரே ஆளாக இருந்தார் என்பதை, முத்திரைக்கு விலை சொல்கிறவர்கள் எழுதுவதில்லை.

அவர்கள் எழுதாத வேறு பெயர்களும் உண்டு. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். விசாரணைக் குழு அமர்ந்தது. கோவிந்தனின் மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். முல்லோயா விவகாரத்தையொட்டி எழுந்த தகராறில் மந்திரிமாரே பதவி துறந்தார்கள். 1977 மே 11ஆம் திகதி, தோட்டங்களிலிருந்து 7,000 ஏக்கர் காணியைப் பிரித்தெடுப்பதை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். முன்னது அந்நியர் ஆட்சி. பின்னது நமது சொந்த ஆட்சி.

இஷாபூர் தொழிற்சாலை செய்த இன்னொரு வேலையும் இங்கே சொல்லத்தக்கது. பழைய .303 ரைபிள்களின் வரிப்பள்ளங்களை நீக்கி, .410 அங்குல வழவழப்பான குழலாக மாற்றிச் சிறைக் காவலருக்கும் கலகம் அடக்கும் பொலிசாருக்கும் கொடுத்தார்கள். எட்டத்தில் நிற்கும் எதிரிப் படைக்கு அந்தக் குழல் பயன்படாது. கிட்டத்தில் நிற்கும் கூட்டத்துக்குப் போதும். ஒரு துப்பாக்கி எல்லையில் நிற்பதற்கென்று செய்யப்பட்டதா, தன் சொந்த ஜனங்களின் முன் நிற்பதற்கென்று திருத்தப்பட்டதா என்பதையும் இரும்பே சொல்லிவிடுகிறது.

இப்போது மனிதர் விஷயத்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கட்டிக்கொண்டு வந்தபோது, ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தகரத் துண்டைக் கட்டிவிட்டார்கள். அதில் பகுதியைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தைக் குறிக்கும் இலக்கமும் துளையிட்டிருக்கும். அதைக் கொண்டே மண்டபம் முகாமிலிருந்து மலைத் தோட்டம் வரை ஆட்களை அனுப்பினார்கள். அடிக்கட்டைப் பித்தளை வில்லைக்கும் இந்தத் தகரத்துக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் உடைமையாளர் யாரென்பதைச் சொல்கின்றன. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பூட்டனாரின் தகரம் ஒன்று வெகுகாலம் இருந்தது. நூல் கோத்த ஓட்டையைச் சுற்றித் தேய்ந்து மழுங்கிப்போயிருந்தது. எத்தனை நாள் கழுத்திற் கிடந்ததோ!

எங்கள் பாட்டனார் 1908இல் உடப்புசல்லாவையில் பிறந்தவர். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை சிறிய ரயில் ஓடிய காலத்தில், தேயிலைப் பெட்டிகளை அந்த ரயிலுக்குச் சுமந்தவர். 1947இல் வாக்களித்தவர். அந்தத் தேர்தலில் மலையகத் தமிழரின் பிரதிநிதிகளாக ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையிற் பிறந்தார் என்பதை, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்பதை நிரூபிக்க வேண்டும் என்று அது விதித்தது. எழுத்தறிவற்ற ஜனங்களிடம், பிறப்பைப் பதியும் வழக்கமே ஒழுங்காக இல்லாத காலத்தின் பத்திரங்களைக் கேட்டார்கள். துப்பாக்கிக்குப் பிறந்த ஊரையும் ஆண்டையும் கழுத்திலேயே வெட்டி வைத்த அதே ஆட்சியாளர், லயத்துக் காம்பராவில் பிறந்த குழந்தைக்கு அந்த அளவு சிரத்தை எடுத்ததில்லை. எடுக்காத குற்றம் அவர்களுடையது, தண்டனை குழந்தைக்கு.

1949இல் இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கான பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. முடிவில் உரிமை பெற்றவர்கள் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர். பாட்டனாரும் 1951இல் விண்ணப்பித்தார். தோட்டத்துச் செக்ரோலில் அவர் 'முத்தன்'. பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் 'முத்துசாமி'. கணக்கப்பிள்ளையின் பேனா சுருக்கிய பெயர் ஒன்று. பெற்றவர் இட்ட பெயர் ஒன்று. விசாரித்த அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பூட்டனாரின் தகரத் துண்டையும் பாட்டனார் மேசையின் மேல் வைத்தாராம். அது சாட்சியமாகாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று.

துரை பங்களாவின் விளக்கொளியில், மூன்று வெவ்வேறு இலக்கங்கள் தாங்கிய அந்த ரைபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது பாட்டனாரின் நினைவுதான் எனக்கு வந்தது. என்பீல்டின் உடல், இஷாபூரின் குழல், எங்கிருந்தோ வந்த போல்ட். எனினும் அது தன் வாழ்நாள் முழுவதும் அரசாங்கத்தின் சொத்தாகவே இருந்தது. இலக்கம் ஒவ்வாததனால் விலைதான் குறைந்தது, நாடற்றதாகிவிடவில்லை. பெயரில் இரண்டெழுத்து ஒவ்வாத மனிதரோ ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவரானார்.

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் தலைவிதி பிறகு என்று எழுதினார்கள். உபரி ஆயுதங்களைத் தேசங்கள் பங்கிட்டுக்கொள்ளும்போதும் இப்படித்தான் எண்ணிக்கை எழுதுவார்கள். பாட்டனாரின் தம்பி குடும்பம் தலைமன்னார் வழியாக இராமேஸ்வரம் போய், நீலகிரியில் மறுபடியும் தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்கு அமர்ந்தது. நாங்கள் இங்கே தங்கினோம். 1956இல் இங்கே பிறந்த எனக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் பிரஜாவுரிமை வந்தது. அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. முதற் சட்டத்திலிருந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இது பழைய கதை, முடிந்துபோன கதை என்று சிலர் கூறக்கூடும். முடிந்துவிட்டதா? தான் குடியிருக்கும் லயத்துக் காம்பராவின் நிலத்துக்கு உரிமைப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் இன்றும் ஏராளம். நாளை காணி உரிமை பற்றிய விசாரணை வரும்போது, "எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறீர்கள்? ஆதாரம் எங்கே?" என்ற அதே கேள்வி திரும்ப வரலாம். ஆதாரம் எங்கே இருக்கிறது? தோட்டத்து ஆபீஸின் பின்னறையில் கரையான் தின்னும் செக்ரோலிலும், பிறப்பு இறப்புப் புத்தகத்திலும், பழைய டிஸ்பென்சரிப் பதிவேட்டிலும் இருக்கிறது. நிர்வாகம் கைமாறும்போதும் கட்டடம் இடிபடும்போதும் அவை பழைய காகிதமென்று எடைக்குப் போவதை நான் என் கண்ணாற் கண்டிருக்கிறேன். துருப்பிடித்த துப்பாக்கி கிடைத்தால் பொலிசார் வந்து இலக்கம் எழுதுகிறார்கள். சேகரிப்போர் விலை கேட்கிறார்கள். செக்ரோலுக்கு விலை கேட்பவர் பழைய பேப்பர்க்காரர் ஒருவர்தான்.

ஆகையால் வாலிபர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தகரத் துண்டோ, பத்துச்சீட்டோ, தள்ளுபடியான விண்ணப்பத்தின் கடிதமோ, பள்ளிக்கூட இடாப்பின் பிரதியோ எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாருடையது என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். பிரதி எடுத்து வையுங்கள். தோட்டத்து ஆபீஸில் பழைய புத்தகங்கள் ஒழிக்கப்படுகின்றன என்று கேள்விப்பட்டால், சங்கக் கமிட்டியைக் கொண்டு தடுத்துக் கேளுங்கள். கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்றில் தோட்டத் தொழிலாளருக்கென்று ஓர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் 2007இல் தொடங்கப்பட்டது. அதைப் போன்றவை ஒவ்வொரு பகுதிக்கும் வேண்டும், உடப்புசல்லாவைக்கும் வேண்டும்.

அங்கே ஒரு பழைய ரைபிளும் வைக்கப்படுமானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதன் பக்கத்தில் ஒரு தகரத் துண்டையும் வைக்க வேண்டும். ரைபிளின் கீழே தொழிற்சாலை, ஆண்டு, ரகம், இலக்கம் எல்லாவற்றையும் தவறின்றி எழுதட்டும். தகரத்தின் கீழே அதைக் கழுத்தில் கட்டி வந்தவரின் பெயரை எழுதவேண்டும். செக்ரோலில் சுருக்கப்பட்ட பெயரையல்ல, தாய் அழைத்த முழுப் பெயரை. அந்தப் பெயர் இன்னும் யாருக்காவது நினைவிருக்கும்போதே அதைக் கேட்டு எழுதிவிட வேண்டும்.